பூஜ்யத்துக்குப் பின்னே எறிந்தவன்

மனிதக் கையிலிருந்து புறப்படும் ஓர் எறியின் விலை அந்த வாரம் முப்பத்தோராயிரம் ரூபாய். ஆண்டவன் சும்மா கொடுத்த முழங்கைக்கு விலை வைக்க மனிதனுக்குப் பல்லாயிரம் வருடம் ஆனது; வைத்த பிறகு பேரம் பேச அரை நாள்கூட ஆகவில்லை. தூத்துக்குடி முத்துநகர் பேஸ்பால் அணியின் எறியாளன் ஜெரோன் மச்சாதுவின் வலக்கையில் அப்போது மீதி இருந்தவை மூன்று எறிகள்.

மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டக் கணக்கைவிடப் பெரிய எழுத்தில் அந்த மூன்று பலகையில் எரிந்துகொண்டிருந்தது. எண்ணிச் சொன்னது நாண்மானி. காப்பு மாதிரி கையில் மாட்டிக்கொள்ளும் கருவி. முழங்கையின் உட்பக்கம் எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நாணை ஒலியால் தடவிப் பார்த்து, இழை இழையாக எண்ணி, இன்னும் எத்தனை எறிக்குத் தாங்கும் என்று சொல்லிவிடும். அது வருவதற்கு முன்னால், ஓர் எறியாளனின் கை எப்போது அறும் என்பது அறுந்த பிறகுதான் தெரியும். வந்த பிறகு எறிகளை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள், விற்றார்கள். மைதானத்துக்கு வெளியே ஜெரோன் நாயை விரட்டக்கூடக் கல்லெடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். ஒருமுறை பெண்டாட்டிமேல் கோபத்தில் தலையணையை வீசியதற்கு ஓர் எறியைக் கழித்துவிட்டார்கள். தலையணைக்கு அரை எறிதானே ஆகும் என்று வாதாடிப் பார்த்துத் தோற்றுப்போனான்.

ஏழாம் சுற்று. பினாங்கு அணியின் மட்டையாளன் ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருந்தான். இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் சுற்று முடியும். முதல் பந்து மட்டை விளிம்பில் பட்டு வெளியே போனது; அது தவறவிட்ட கணக்கில் சேராது, எறி மட்டும் ஒன்று குறையும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதையும் அந்தப் பாவி விளிம்பிலேயே தட்டிவிட்டான்.

பூஜ்யம். சங்கு ஊதியது. மேலாளர் ரோஜா மாலையோடு ஓடிவந்தார். தீர்ந்துபோன கைக்கு மாலை போடுவது லீக் வழக்கம். கழுத்துக்கில்லை, கைக்கு.

"வலிக்கலைங்க! இன்னும் ஒரே ஒரு பந்து!"

"பூஜ்யம்பா. நில்லு, போட்டோ எடுக்காங்க."

அவனுக்குப் பதிலாக வந்தவனின் முதல் பந்தைப் பினாங்குக்காரன் கூரைக்கு மேலே அனுப்பினான். ஆட்டம் போயிற்று. இருபத்தெட்டு வயதில் ஜெரோனின் தொழிலும் போயிற்று.

மறுநாள் காலை, பருப்பு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியை ஒட்டிய அலுவலகத்துக்கு அவன் போனபோது அணியின் முதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி அவனை அனுப்பிவைக்கும் விடைத்தொகைக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே, நாண்மானி செய்யும் அளவோன் நிறுவனத்தின் ஹரிணி வரதன் உட்கார்ந்திருந்தாள்.

"கையில ஒரு சுளுக்குகூட இல்ல அண்ணாச்சி. உங்க காசுக்காகச் சொல்லல, உள்ளதைச் சொல்லுதேன்."

"மிஷின் சொல்லிருச்சே தம்பி."

"உங்க கிட்டங்கித் தராசுக்கு வருசா வருசம் ஆள் வந்து முத்திரை போடுதான். போடலன்னா ஒரு கிலோ உளுந்தை நீங்க நிறுக்க மாட்டிய. இந்தத் தராசுக்கு எவன் முத்திரை போட்டான்?"

ஹரிணி சிரித்தாள். "பதினேழு வருஷம் சார். நாலாயிரம் கைகள். பூஜ்யத்துக்கு முன்னாடி ஒண்ணுகூட அறுந்ததில்லை."

"பின்னாடி எத்தனை அறுந்துச்சு?"

"பின்னாடி யாருமே எறிஞ்சதில்லையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பூஜ்யத்துக்கு முன்னாடி அறுந்தா நஷ்டஈடு யாரு கட்டணும்?" என்றான் ஜெரோன். "நீங்க. அப்ப ஆயிரம் எறி இருந்தாலும் ஐந்நூறுன்னுதானே சொல்லுவிய? நாலாயிரம் பேரு! நல்லா இருக்கிற கைக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிய!"

மேஜையில் அவன் அடித்த அடியில் காசோலை பறந்தது. அண்ணாச்சி அதைக் குனிந்து எடுக்கவில்லை. வாங்கிய சரக்கில் பாதியைத் தானே குப்பையில் கொட்டியிருக்கிறோம் என்று தெரிந்த வியாபாரியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

ஜெரோன் உப்பளத்துக்குப் போனான். அணியில் அவனுடைய பந்துகளை ஆறு வருடம் பிடித்த பிடியாளன் சிலுவை உடன் வந்தான். உப்பு அள்ளி முடித்த பாத்தியில் அறுபதடி அளந்து கோடு போட்டார்கள்.

"மாப்ள, கை அறுந்தா ஒம் பொஞ்சாதி என்னையத்தான் கொல்லுவா."

"அறுந்தா அவங்க சொன்னது சரி. அறுகலன்னா அவங்க களவாணிப்பயலுவ. ரெண்டுல ஒண்ணு தெரியணும்ல. உக்காரு."

பூஜ்யத்துக்குப் பின்னே ஒன்று. பின்னே இரண்டு. பின்னே நூறு. வாரத்துக்கு நூறு என்று எறிந்தான். ஒவ்வொரு பந்திலும் அந்த மாலையைத்தான் எறிந்தான். பந்து சிலுவையின் கையுறையில் விழும் சத்தம் கேட்டு உப்பளத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியபோது ஊர் ஊராகக் கைகள் விழித்துக்கொண்டன. கொச்சியில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கொழும்பில் சீட்டுக் கம்பெனிக்குக் காவல் இருந்தவன், மாலையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அத்தனை பேரும் எறிந்து பார்த்தார்கள். எறிய முடிந்தது. அதன் பிறகு அவர்கள் எறிந்தது பந்தை அல்ல. அளவோன் அலுவலகத்தில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. முத்துநகர் மைதான வாசலில் நாண்மானிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். முதல் தீக்குச்சி ஜெரோனுடையது.

ஆயிரத்து இருநூறாவது எறியன்று அண்ணாச்சியின் கார் உப்பளத்துக்கு வந்தது.

"தம்பி, நீ ஜெயிச்சிட்ட. லீக்ல நாண்மானியத் தூக்கியாச்சு. பலகையில இனிமே நம்பர் கிடையாது. வா, வந்து எறி."

சிலுவை துள்ளிக் குதித்தான். ஜெரோன் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தான். ஒரு வரியில் அவன் விரல் நின்றது.

"எறிக்கு நாப்பது ரூவாயா? முப்பத்தோராயிரம்லா அண்ணாச்சி இருந்துச்சு?"

"அப்ப சரக்கு எண்ணி வச்சிருந்துச்சு. இப்ப நாலாயிரம் கை சந்தைக்குத் திரும்பி வந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. மூடை மூடையா வந்து இறங்குற சரக்குக்கு என்ன விலை போடச் சொல்லுத?" அண்ணாச்சி பேனாவைத் திறந்து நீட்டினார். "ஆனா ஒண்ணு. நீ ஆசப்பட்ட மாதிரி எத்தனை வேணும்னாலும் எறியலாம். எவனும் நிறுத்த மாட்டான்."

ஜெரோனுக்குக் காது சூடேறியது. ஆனால் எதிரே இருப்பது மேடு, எறியாளன் நிற்கிற அந்தப் பத்தங்குல மண்மேடு. அதற்காகத்தான் இத்தனை நாளும் கத்தினான். கையெழுத்துப் போட்டான்.

பழைய காசைப் பார்க்கப் பழையதைப்போல் பல மடங்கு எறிய வேண்டியிருந்தது. ஐந்து நாளைக்கு ஒருமுறை எறிந்தவர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை எறிந்தார்கள். கொச்சி லாரிக்காரனின் கை மூன்றாம் மாதம் அறுந்தது. கொழும்புக்காரனுடையது அதற்கடுத்த வாரம். கை அறுவது இப்போது செய்தியில்கூட வருவதில்லை. அந்த இடத்துக்கு ஆள் வந்துவிடுகிறான், வேறென்ன செய்தி?

ஒரு சாயங்காலம், கடைசியான ஒன்பதாம் சுற்று. முத்துநகர் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. வீழ்த்த வேண்டியது இன்னும் ஒரு மட்டையாளன், அவனும் இரண்டு தவறவிட்டு நின்றான். ஜெரோன் நூற்றுப் பன்னிரண்டாவது பந்தை எறிந்து முடித்தபோது முழங்கைக்குள் ஏதோ நனைந்த கயிறு பிரிவதுபோல இருந்தது. விரல் நுனிவரை மின்சாரம். சுண்டுவிரல் மரத்துப்போனது.

கை காட்டி ஆட்டத்தை நிறுத்தினான். மேலாளர் வரவில்லை. அண்ணாச்சியே கோட்டோரம் வரை நடந்து வந்தார்.

"வலிக்குது அண்ணாச்சி. உள்ள பிரியுது."

"எதை வச்சுச் சொல்லுத?"

"என் கை! எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு வலிக்கலன்னு சொன்ன. இன்னிக்கு வலிக்குதுன்னு சொல்லுத. ஒரு ஓட்டம் முன்னால இருக்கும்போது எல்லா எறியாளனுக்கும் வலிக்கத்தான் செய்யும் தம்பி, பயத்துல." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "உள்ள பாத்துச் சொல்ல ஒரு மிஷின் இருந்துச்சு. அதைக் கொளுத்துனது யாரு?"

"அது கள்ளத் தராசு!"

"கள்ளத் தராசுன்னா திருத்தணும். நீங்க தராசே வேண்டாம்னிய. எனக்கும் அது வசதியாப் போச்சு."

அவர் ஓரத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நாற்பத்தொரு வயது ஆள் ஒருவர் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கையில் மாலை வாங்கியவர். ஜெரோனின் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். எறிக்கு முப்பத்தெட்டு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டவர்.

சிலுவை முகக்கூண்டைத் தூக்கிவிட்டு ஓடிவந்தான். "விட்டுரு மாப்ள. பந்தைக் கீழ போடு. நாம போயிருவோம்."

"போனா?"

"போனா கை இருக்கும்ல."

"அண்ணாச்சி நெனச்சபடி பயந்தாங்கொள்ளின்னு ஆயிரும். அப்புறம் எவன்ல எனக்கு மேடு குடுப்பான்?" ஜெரோன் பல்லைக் கடித்தான். "பூஜ்யம்னு ஒருத்தன் சொன்னான், நிறுத்துன்னான். இப்ப பயம்னு இன்னொருத்தன் சொல்லுதான், எறிங்கான். எங்கையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாவனும் சேந்து முடிவு பண்ணிட்டானுவ. போ, உக்காரு."

சிலுவை முகக்கூண்டை இறக்கிவிட்டுக்கொண்டான். பிறகு போய் உட்கார்ந்தான்.

அத்தனை ஆத்திரத்தையும் இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முழங்கைக்கும் ஏற்றி ஜெரோன் எறிந்தான். அவன் வாழ்நாளிலேயே அப்படி ஒரு பந்து போனதில்லை. மட்டையாளன் மட்டையைச் சுழற்றும் முன்பே அது உறைக்குள் இருந்தது. நடுவர் கையை உயர்த்தினார். உள்ளே அறுந்த சத்தம் அறுபதடி தள்ளி இருந்த சிலுவைக்குக் கேட்டது. ஆர்ப்பரித்து எழுந்த நாற்பதாயிரம் பேரில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் லீக் எழுத்தர் வழக்கப்படி அன்றைய சீட்டை எடுத்துவந்து நீட்டினார். முன்பு அதில் நாண்மானி எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. இப்போது அதை எடுத்துவிட்டிருந்தார்கள். எறியாளர்: ஜெரோன் மச்சாது. வெற்றி: ஒன்று. எறிகள்: நூற்றுப் பதின்மூன்று. நாற்பது ரூபாய் வீதம்: நாலாயிரத்து ஐந்நூற்று இருபது. வலக்கை பேனா பிடிக்காததால், இடக்கைப் பெருவிரல் ரேகை.

பாக்கி: இல்லை.