கோல் கம்பத்துக்குப் பின்னால் நூல்

நகரியில் சாயக்காரத் தெருவுக்கு ஒரு பெருமை உண்டு, ஒரு தலைகுனிவும் உண்டு. பெருமை, தெருப் பையன்கள் சேர்ந்து ஆடும் கால்பந்து டீம். தலைகுனிவும் அதே டீம்தான். வெளியூருக்குப் போனால் கோல் கோலாகப் போட்டுவிட்டு வருவார்கள். சொந்த மைதானத்தில் ஒரு கோல் போடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

ஏன் இப்படி? தெருமுனையில் இருக்கும் கங்கையாவின் சைக்கிள் கடையில் தினமும் இதே பேச்சுதான். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் பஞ்சரை மறந்துவிட்டு இதைப் பேசுவார்கள்.

"பந்த அழகா தள்ளிக்கினு போறானுங்க. நாலு பேரத் தாண்டிக்கினு போறானுங்க. கடைசில இன்னா? கல்யாண ஊட்டு வாசல் வரிக்கும் போய்ட்டு, துன்னாம திரும்பி வந்த கதைதான்!" என்றார் கங்கையா.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரங்கையா தலையை ஆட்டினார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும்.

"அந்தச் சரிவுப் பக்கத்து கோலு தெக்கால கீதுப்பா. எமன் இருக்கற திசை. பந்து எப்படி உள்ள போவும்?"

சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்திருந்த ரூபா நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஆறாம் வகுப்பு. மனதில் பட்டதைக் கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"அப்போ எதிர் டீம் அடிக்கற பந்து மட்டும் எப்படி தாத்தா அதே கோலுக்குள்ள போவுது?"

ரங்கையா கொஞ்சம் யோசித்தார். "அது... அவங்க ஊரு எமன் வேற!" என்றார். கடையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் ரங்கையா விடாமல் சொன்னார். "எமன உடு. எல்லாம் அந்த செண்டர் ஃபார்வர்டு கோபிகிருஷ்ணனாலதான். இங்க பன்னெண்டு மேட்ச் ஆடிட்டான். ஒரு கோலு கெடையாது. ஃபினிஷிங்கே இல்ல! நம்ம ஜனத்தப் பாத்தாலே அவனுக்குக் கால் நடுங்குது."

ரூபாவுக்குச் சுருக்கென்றது. கோபி அவளுடைய அண்ணன். அதைவிட மோசம், கோபி அப்போது கடைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கோபி சொன்னான். "ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கு நான் போவல. விங்குல ஆடற சந்துருவ என் எடத்துல ஆடச் சொல்லிட்டேன்."

"ஏர்பேடு டீம் வருதுண்ணா! அதான் உனக்குக் கடைசி மேட்ச்!" என்றாள் ரூபா.

கடைசி என்றால் உண்மையிலேயே கடைசி. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கோபி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறான். அங்கே புதிதாகத் திறந்த செல்போன் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தெருவில் இதற்கு முன்பே ஐந்து பேர் போய்விட்டார்கள். போனவர்கள் பொங்கலுக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், போய்விடுவார்கள். திரும்பி வந்து பந்தாடியவர் யாருமில்லை.

"கால் நடுங்கறவன் எதுக்கு ஆடணும்?" என்று கோபி தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ரூபா இரண்டு தட்டையும் எடுத்துக் கழுவிவைத்தாள். அண்ணன் ஊரை விட்டுப் போவதே வருத்தம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவது அதைவிட வருத்தம்.

படுத்துக்கொண்டே அவள் யோசித்தாள். ரங்கையா தாத்தா சொன்னது தப்பு. அண்ணனுக்கு ஜனத்தைப் பார்த்துப் பயமில்லை. பந்தை உதைக்கும் முன்னால் அவன் ஜனத்தைப் பார்ப்பதே இல்லை. வேறு எதையோ பார்க்கிறான். அது ரூபாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏனென்றால் மற்றவர்கள் எல்லாம் மைதானத்தின் ஓரங்களில் நின்று பார்ப்பார்கள். ரூபா உட்காருவது சரிவுப் பக்கத்துக் கோலுக்கு நேர் பின்னால், நூலுக்குக் காவல்.

அவளுடைய அம்மா கலைவாணி நூலுக்குச் சாயம் போடுகிறவள். மைதானத்தின் அந்தக் கோடியில் மூங்கில் கட்டி, ஈர நூல் கற்றைகளான சிட்டங்களை அதில் வரிசையாகக் காயப்போடுவாள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பார்க்கவே அழகாக இருக்கும். திங்கட்கிழமை தெருவில் தறிகள் ஓட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை நூல் காய்ந்தாக வேண்டும். மேட்ச்சும் ஞாயிற்றுக்கிழமைதான். மைதானம் அந்தப் பக்கம் சரிவு. அதனால் கோல் விழுவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். கோலுக்கு வலை கிடையாது. உள்ளே போகும் பந்து நேராக நூலுக்குத்தான் வரும். வந்தால் ரூபா குடையை விரித்துத் தடுப்பாள்.

கோபி பந்தோடு ஓடி வருவான். கோலைக் காக்கும் கோலியைப் பார்ப்பான். அப்புறம் ஒரே ஒரு நொடி, அவன் கண் கோலியைத் தாண்டி நூலுக்குப் போகும். உடனே காலில் இருந்த வேகம் போய்விடும். பந்து உருண்டு போய்க் கோலியின் கையில் சமத்தாக உட்காரும்.

ரூபா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கோபிக்கு ஒன்பது வயதானபோது நடந்தது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவன் உதைத்த சேற்றுப் பந்து ஈர நூலில் போய் விழுந்துவிட்டது. கல்யாணப் புடவைக்கான மஞ்சள் நூல். அத்தனையும் பாழ். அம்மா நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாளாம். அதற்கப்புறம் தெருவில் எந்தக் குழந்தை பந்தைத் தொட்டாலும், "நூலு பக்கம் மெதுவாடா! கோபி மாதிரி பண்ணிடாத!" என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். டீமில் இருக்கும் பதினோரு பேரும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

வெளியூரில் கோலுக்குப் பின்னால் நூல் இல்லை. வேப்பமரம் இருக்கிறது, வேலி இருக்கிறது. அங்கே கோல் விழுகிறது!

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரூபா ஓடிப்போய் சைக்கிள் கடையில் இதைச் சொன்னாள். "நூலா? எமன விட நல்லா கதை சொல்றியே பாப்பா!" என்று ரங்கையா சிரித்தார்.

சரி, பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று ரூபா வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, இந்த வாரம் மட்டும் இன்னிக்கே சாயம் போட்டா இன்னா? நாளைக்குக் காஞ்சிடும். ஞாயித்துக்கெழம மைதானம் காலியா இருக்கும்."

"ஒருநாள் முன்னாடி போட எனக்கு ரெண்டு கையிதான்டி கீது."

"நாலு கை, அம்மா. நானும் வரேன்."

மகள் கையில் துளிச் சாயம் பட்டாலே முகம் சுளிப்பவள். அவளே இப்படிக் கேட்டதும் அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். ஆனால் சம்மதித்தாள். அன்று சாயங்காலம் முழுக்க ரூபா சிட்டங்களைப் பிழிந்தாள். முழங்கை வரை சிவப்பாகிவிட்டது.

சனிக்கிழமை பொழுது சாயும் முன்பே நூல் காய்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. ரூபா கோபியின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு மூங்கில்ல ஒரு நூலு கூட இருக்காது. எனக்காக ஒரே மேட்ச் ஆடுண்ணா."

கோபி அவள் கைகளைப் பார்த்தான். மணிக்கட்டுக்கு மேலே சாயம் இன்னும் போகவில்லை. அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நிற்க இடமில்லை. முதல் பாதியில் ஏர்பேடு டீம் சரிவை நோக்கி ஆடி ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் சரிவு சாயக்காரத் தெருவுக்கு வந்தது. ரூபா வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பின்னால் மூங்கில்கள் வெறுமையாக நின்றன.

கோபி பந்தோடு வந்தான். இரண்டு பேரைத் தாண்டினான். ரூபா குடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் கண் மேலே போனது. வெறும் மூங்கிலைப் பார்த்தது.

பந்து உருண்டு போய்க் கோலியின் கையில் உட்கார்ந்தது.

"சரிபோயிந்தி! போச்சு போ! நான்தான் சொன்னனே!" என்று ரங்கையா தலையில் அடித்துக்கொண்டார்.

ரூபாவுக்கு அழுகை வந்தது. நூல் போய்விட்டது, பயம் போகவில்லையே! பயம் நூலைப் பார்த்து இல்லை என்றால் வேறு எதைப் பார்த்து? நூலைப் பிடித்துக்கொண்டு அழுதது யார்?

அவள் எழுந்து வீட்டுக்கு ஓடினாள். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து நூலில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். மகன் இத்தனை வருஷம் ஆடிய ஆட்டத்தில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு எப்போதும் வேலைதான்.

"அம்மா, மைதானத்துக்கு வா!"

"எனக்கு இன்னாடி தெரியும் பந்தப் பத்தி?"

"பந்து தெரிய வாணாம்மா. அண்ணன் ஒவ்வொரு தபா உதைக்கறப்பவும் அந்த மஞ்ச நூலயே நெனச்சிக்கிறான். நீ அழுதது அவனுக்கு மறக்கவே இல்லம்மா."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"அது எப்பவோ நடந்ததாச்சே. நான் அன்னிக்கே மறந்துட்டனே! அவன் இன்னுமா அத சுமந்துக்கினு கீறான்?" அவள் பிடித்திருந்த நூலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

இருவரும் வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடியப் பத்து நிமிஷம்தான் இருந்தது. அம்மா நேராகப் போய் மூங்கில்களுக்கு நடுவில் நின்றாள். அப்போதுதான் கோபிக்குப் பந்து கிடைத்தது. ஒருவனைத் தாண்டினான். கோலியைப் பார்த்தான். அவன் கண் வழக்கம்போல மேலே போனது.

அங்கே அம்மா நின்றிருந்தாள். வெறும் கைகள் இரண்டையும் உயரத் தூக்கிக் காட்டினாள்.

"கோபி! நூலு ஊட்ல பத்தரமா கீதுடா! அடி!"

கோபி அடித்தான்.

கோலி கையைத் தூக்குவதற்குள் பந்து அவனைத் தாண்டிவிட்டது. ரூபா குடையை விரிப்பதற்குள் அவளையும் தாண்டிவிட்டது. நேராகப் போய் அம்மாவின் மஞ்சள் புடவையில் 'தொப்' என்று விழுந்தது.

மைதானமே கப்சிப். கோல் விழுந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கோபி வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அம்மா குனிந்து புடவையைப் பார்த்தாள். முழங்காலுக்கு மேலே சேற்றில் ஒரு வட்டம்.

அம்மா சிரித்தாள். ரூபா அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்துக் கேட்டதே இல்லை. "இன்னாடா பாத்துக்கினு நிக்கற? பந்தை எடுத்துக்கினு போய் இன்னொன்னு போடு!"

அப்புறம்தான் கூட்டம் கத்தியது. அந்தக் கத்தலில் மற்ற பையன்களுக்கும் காலில் பூட்டு திறந்துகொண்டது போலிருக்கிறது. கடைசி நிமிஷத்தில் சந்துரு ஒன்று விட்டான் பாருங்கள், பந்து கோலுக்குள் பாய்ந்து, பின்னால் மூங்கிலில் பட்டு மூங்கிலே சாய்ந்துவிட்டது. இரண்டுக்கு ஒன்று!

திங்கட்கிழமை காலை கோபி நிமிர்ந்த தலையோடு பஸ் ஏறினான். வழியனுப்பிவிட்டு அம்மாவும் ரூபாவும் திரும்பி வந்தபோது சைக்கிள் கடையில் பேச்சு அனல் பறந்துகொண்டிருந்தது.

"நேத்து காலைல நான் தெக்கால பாத்து ஒரு தேங்கா ஒடச்சேன். அதான்!" என்றார் ரங்கையா.

"யோவ், நான் அவன் பூட்ஸுக்குப் புது லேஸ் கட்டினேன். அதான்யா ஃபினிஷிங்!" என்றார் கங்கையா.

ரூபா சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள்.

மத்தியானம் அம்மா அந்த மஞ்சள் புடவையை அலசி மூங்கிலில் காயப்போட்டாள். ரூபா கிட்டே போய்ப் பார்த்தாள். சேற்று வட்டம் மங்கலாக அப்படியே இருந்தது.

"நல்லா தேய்க்கலியாம்மா? கறை போவலியே."

"இருக்கட்டும்டி," என்றாள் அம்மா. "பொங்கலுக்கு உங்க அண்ணன் வருவான் இல்ல? அவனாண்ட காட்டணும்."