கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரை

அந்த வீட்டில் ஒரு மணமும் இருக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுபோதினிக்கு அது இடித்தது.

இந்த ஒன்றரை மாதத்தில் அவள் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டாள். இனிச் சுகப்படுத்த முடியாது என்று டொக்டர்மார் கைவிரித்தவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கிற இடங்கள். ஒன்று டெட்டோலும் ஆறிப்போன கஞ்சியுமாக மணத்தது. இன்னொன்றில் மூத்திர நெடிக்கு மேல் யாரோ மல்லிகை ஸ்பிரே அடித்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் ஒளிந்திருந்த இந்தப் பழைய வீட்டில் மட்டும் எதுவுமே இல்லை. மருந்து மணம் இல்லை, சவர்க்கார மணம் இல்லை, பகல் ஒரு மணிக்குக் குசினிப் பக்கமிருந்து ஒரு கறி மணம்கூட வரவில்லை. தனக்குத்தான் மூக்கு அடைத்துவிட்டதோ என்று புறங்கையை முகர்ந்து பார்த்தாள். காலையில் அம்மாவின் காலுக்குப் பூசிவிட்ட தைலம் காட்டமாக மணத்தது.

பிழை பிடிப்பதுதான் சுபோதினியின் பிழைப்பு. இரத்மலானையில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் பதினேழு வருடமாகத் தரப் பரிசோதனை. மேசையில் அழகாக மடித்து வைத்துக் காட்டுகிற சட்டையை அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை உருவி, உள்பக்கம் புரட்டி, தையலில் விரலை ஓட்டுவாள். அவள் வருகிறாள் என்றால் சுப்பர்வைசர்மாருக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

அம்மா பாலேஸ்வரிக்கு ஈரலில் புற்றுநோய். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளட்டில், நோவு வரும்போதெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தா. தம்பி ஜனா டொரன்டோவிலிருந்து பன்னிரண்டு கேள்விகளை டைப் பண்ணி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி என்று போட்டு அனுப்பியிருந்தான். நோவுக்கு என்ன மருந்து, நர்ஸ் எத்தனை பேர், பெட்ஷீட் எத்தனை நாளைக்கு ஒருதரம் மாற்றுகிறார்கள். கடல் தாண்டி இருந்துகொண்டு பெட்ஷீட்டைப் பற்றிக் கவலைப்படுவது சுலபம்தான். பதின்மூன்றாவது கேள்வியைச் சுபோதினியே பேனையால் எழுதிச் சேர்த்துக்கொண்டாள்: கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அப்பா நமசிவாயம் போனபோது பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. சுபோதினி தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கீழே போயிருந்தாள். லிப்டுக்கு வரிசை. பன்னிரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். உங்களைத்தான் இரண்டு தரம் கூப்பிட்டார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் மட்டும், நோவு கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு காலையில், "என்னைத் தனியப் போக விட்டிடாத பிள்ளை" என்றா. சுபோதினிக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

"வாங்க மகள், உள்ளுக்கு வாங்க," என்று கூப்பிட்டா பிறிஜெற். அறுபது வயதிருக்கும். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இந்த வீட்டை நடத்துகிறவ. பன்னிரண்டு கேள்விக்கும் கேட்கமுதலே பதில் வந்தது, எல்லாம் சரியான பதில்.

நீளமான மண்டபத்தில் ஆறு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு கதிரை. ஒவ்வொரு கதிரையிலும் ஒருவர் இருந்து, கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேலை நாள், நடுப்பகல். ஆறு பேர். சுபோதினி இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள். ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அந்த நேரத்தில் அவள் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

"இவையெல்லாம் ஆர் அக்கா?"

"சொந்தக்காரங்கதான். மகன், மகள், பொஞ்சாதி. எங்கட வீட்டில யாரும் தனியாப் போறதில்ல மகள்."

பதின்மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கண் நிறைந்ததை மறைக்கக் கடதாசியைக் குனிந்து பார்த்தபடி, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டாள். "இந்த வருசம் இங்க எத்தனை பேர் காலமானவை?"

"யாருமில்ல."

"போன வருசம்?"

"யாருமில்ல மகள்."

அப்போது பிறிஜெற்றின் போன் அடித்தது. அவ வாசல்பக்கம் போய்ச் சிங்களத்தில் யாருக்கோ வழி சொல்லத் தொடங்கினா. சுபோதினி மண்டபத்தில் தனியே நின்றாள். பொய் சொல்லாத இடம் எது, எல்லோரும் ஏதாவதொன்றைக் கூட்டித்தான் சொல்வார்கள் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாலும், பதினேழு வருடப் பழக்கம் சும்மா இருக்க விடவில்லை. மேலே காற்றாடி கிறீச்சிட்டுக்கொண்டு மெல்லச் சுற்றியது. கீழே மூச்சுச் சத்தம். அவள் காது கொடுத்து எண்ணினாள். பன்னிரண்டு பேர் இருந்த அந்த மண்டபத்தில் ஆறு பேரின் மூச்சுத்தான் கேட்டது, ஆறும் கதிரைப் பக்கமிருந்தே வந்தது.

காட்டுகிற சட்டையைப் பார்க்காதே. அடியிலிருந்து எடு.

கடைசிக் கட்டில், யன்னலோரம். ஒஸ்வால்ட் என்று அட்டையில் எழுதியிருந்தது. வயதான மனிதர், கண்கள் மூடியிருந்தன. கையைப் பிடித்திருந்த மகள் வேலையிலிருந்து நேரே வந்தவள்போல் இருந்தாள். கழுத்தில் வங்கி அடையாள அட்டைகூட இன்னும் தொங்கியது. லவினா. சுபோதினியின் கண் தானாக அட்டையின் அடிவரிக்குப் போனது. செல்லுபடியாகும் காலம் 2021 டிசம்பரோடு முடிந்திருந்தது. அட்டையை மாற்ற மறந்திருப்பாள் என்று நினைக்கலாம். ஆனால் அவளுடைய நீலச் சட்டையில் யன்னல்பக்கத் தோள் மட்டும் வெள்ளையாக வெளிறியிருந்தது. துணியைப் பற்றி யாரும் சுபோதினிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கவாட்டு வெயிலில் ஒரு சாயம் அந்தளவுக்கு வெளிற மாதங்கள் போதாது. வருடங்கள் வேண்டும். அசையாமல் இருந்த வருடங்கள்.

அவள் குனிந்து, போர்வையின் கால்மாட்டைத் தூக்கினாள்.

இரண்டு பாதங்களும் கறுத்திருந்தன. கரியாக. தோல் சுருங்கி எலும்போடு ஒட்டி, நகங்கள் எல்லாம் கழன்று, காய்ந்துபோய். ஒரு மணமும் இல்லை.

நிமிர்ந்தபோது ஒஸ்வால்ட்டின் கண்கள் திறந்திருந்தன. சுபோதினியையே பார்த்தன. நெஞ்சு அசையாமலே உதடு மட்டும் அசைந்தது.

"மகள்... இவள விடச் சொல்லுங்க."

லவினா தலையைத் திருப்பவில்லை. "டடா, சும்மா இருங்க," என்றாள், களைத்துப்போன குரலில்.

சுபோதினி போர்வையைத் திரும்பவும் மூடினாள். ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகி, சுருக்கத்தைக்கூட நீவிவிட்டாள். சீனி வருத்தமாக இருக்கும். இரத்தத்தில் சீனி கூடினவர்களுக்குக் கால் கறுக்கும்தானே. மோர்பின் ஏறினால் ஆட்கள் கண்டபடி கதைப்பார்கள்தானே. வாழ்நாளில் ஒரு பழுதான சட்டையைக்கூட அவள் தெரிந்துகொண்டு பாஸ் பண்ணியதில்லை. அன்றைக்குப் பண்ணினாள். அப்பாவின் கட்டிலைச் சுற்றி இழுத்திருந்த திரை கண்ணுக்குள் நின்றது, இந்த மண்டபத்தில் திரைகளே இருக்கவில்லை, அவ்வளவும் போதுமாக இருந்தது. பதின்மூன்றாவது கேள்விக்கு நேரே பத்து என்று எழுதினாள்.

"நூற்றிமுப்பதுக்கு நூற்றிருபத்தாறா? சுப்பர் அக்கா," என்று அன்று பின்னேரம் ஜனா வொய்ஸ் மெசேஜ் போட்டான்.

அடுத்த வாரம் ஏழாவது கட்டில் போட்டு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். பிறிஜெற் கொடுத்த மருந்தில் முதல் நாளே நோவு அடங்கியது. இரண்டாம் நாள் அம்மா அரைக் கோப்பை கஞ்சி குடித்தா. நாலாம் நாள், சுபோதினி பெட்ஷீட்டைப் புரட்டித் தையல் பார்ப்பதைக் கண்டு, முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்க்க, "உன்ர தொழிற்சாலைப் பெட்டையள் பாவமடி, இப்பிடித்தான் அதுகளையும் படுத்திறனியோ" என்று சிரித்தா. சுபோதினி லீவு போட்டுவிட்டுப் பகல் முழுக்கக் கதிரையில் இருந்தாள். இந்த முறை தண்ணீர்ப் போத்தலை வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மற்ற ஆறு கதிரைகளின் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஏழாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் மழை இரைய, ஒழுங்கைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எங்கோ ஒரு திறீவீல் போக, அம்மாவின் மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. சுபோதினி இரண்டு கையாலும் அம்மாவின் வலக்கையைப் பொத்திப் பிடித்தாள். ஒரு மூச்சு. நீண்ட நேரத்துக்குப் பிறகு இன்னொன்று. பிறகு வரவில்லை. அவள் காத்திருந்தாள். நூறுவரை எண்ணினாள். முடிந்தது, நான் இருந்தேன், அம்மா தனியப் போகவில்லை என்று நினைத்தபோது அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது.

அம்மாவின் விரல்கள் அவளுடைய விரல்களை அழுத்தின.

"சுபா."

கண்கள் திறந்திருந்தன. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

பிறிஜெற் வந்து அம்மாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தா. பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. "இப்ப நாடி நின்டிருச்சு மகள்."

"கதைக்கிறா அக்கா. அம்மா கதைக்கிறா."

"கதைப்பாங்க. நீங்க கையப் பிடிச்சிருக்கிற மட்டும் இருப்பாங்க."

"எடுத்தால்?"

"போயிருவாங்க. நோவு ஒண்ணும் இருக்காது." பிறிஜெற் போர்வையைச் சரிசெய்தா. குரலில் அன்புதான் இருந்தது. "எப்ப வேணுமெண்டாலும் எடுக்கலாம். நாங்க யாரையும் பிடிச்சு வைக்கிறதில்ல மகள்."

அப்போதுதான் சுபோதினி மற்றக் கதிரைகளைப் பார்த்தாள். ஒருவரையும் யாரும் கட்டி வைத்திருக்கவில்லை. வாசல் திறந்தே இருந்தது.

எடுத்துவிடலாம். சின்னவிரலைத் தளர்த்தினாள். அடுத்த விரலை.

"விடு பிள்ளை," என்றா அம்மா. "எனக்குக் களைச்சுப் போச்சு."

ஜனா ஒருதரம் கதைக்கட்டும், அதற்குப் பிறகு என்று நினைத்தாள். ஒற்றைக் கையால் வீடியோ கோல் எடுத்தாள். ஜனா திரையில் சிரித்து, அழுது, "அம்மா நல்லாத் தெளிஞ்சிருக்கிறா அக்கா, நீ எடுத்த இடம் சரியான இடம்" என்றான். அம்மா கமராவைப் பார்க்காமல் சுபோதினியையே பார்த்துக்கொண்டிருந்தா.

நாளைக்கு விடுவம்.

நாளைக்கு வந்தது. போனது. அம்மாவின் கை சில்லிட்டது. பிறகு விறைத்தது. பிறகு திரும்பவும் இளகியது. உள்ளங்கைக்குள் அந்த மாற்றம் ஒவ்வொன்றும் சுபோதினிக்குத் தெரிந்தது. பசிக்கவில்லை. தாகமில்லை. ஒன்றுக்குப் போகக்கூட எழும்ப வேண்டியிருக்கவில்லை. தன் புறங்கையில் ஒட்டியிருந்த தைல மணம் எப்போது போனதென்று தெரியவில்லை.

"விடு."

காலையில். மத்தியானத்தில். மழை விட்ட பிறகு.

"விடு சுபா. கும்பிடுறன், விடு."

அம்மாவின் கண்கள் மங்கத் தொடங்கியிருந்தன. விழியில் மெல்லிய பால்நிறம். நகங்களுக்குக் கீழே கறுப்பு.

மூச்சு நின்ற நாலாம் நாள் பின்னேரம் சுபோதினி உடைந்துபோனாள். மூன்று வருடமாக யாருக்கும் சொல்லாததையெல்லாம் அம்மாவின் கையில் முகத்தை வைத்துச் சொன்னாள். லிப்டு வரிசை. பன்னிரண்டு நிமிடம். இரண்டு தரம் கூப்பிட்டது. "நான் விட்டிட்டு வந்திட்டன் அம்மா. அப்பாவை விட்டிட்டு வந்திட்டன். உன்னையும் விடச் சொல்லாத. என்னால ஏலாது. என்னால ஏலாதம்மா."

மழைத் தண்ணீர் கூரை விளிம்பிலிருந்து சொட்டியது. சொட்டியது.

அவள் தலையைத் தூக்கினாள்.

அம்மாவின் முகம் மாறியிருந்தது. அதில் கெஞ்சல் இல்லை. பம்பலப்பிட்டியில் நேர்சரிக்குப் போன முதல் நாள், சேலைத் தலைப்பை விடாமல் சுபோதினி கத்தியபோது, சரி, நான் போகேல்ல என்று அம்மா அங்கே பிள்ளைகள் இருக்கும் சின்ன வாங்குப் பலகையில் பள்ளி விடும்வரை இருந்தா. அன்றைக்கு இருந்த முகம் இது. அந்த முகத்தில் மிச்சம்.

"சரி," என்றா அம்மா. உதடு ஓரத்தில் கிழிந்தது. இரத்தம் வரவில்லை. "சரி, அழாத. அம்மா போகேல்ல."

மற்றக் கை போர்வைக்குள்ளிருந்து எழும்பியது. மெதுவாக. மூட்டுகள் ஒவ்வொன்றாக முறிய. கறுத்த விரல்கள் அவளுடைய உச்சந்தலையைத் தொட்டன. தடவின. உச்சியிலிருந்து பிடரிவரை, திரும்பவும் உச்சியிலிருந்து. ஒவ்வொரு தடவலிலும் விரல்களின் தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, ஈரமாக, அவளுடைய தலைமயிரில் ஒட்டியது.

அம்மாவுக்கு எட்டட்டும் என்று சுபோதினி தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.