வெளித் தாழ்ப்பாள்

பெட்டி மூடியிருந்தது.

கரடி பெட்டியைத் திறக்கும், தின்னும், போய்விடும். மூடிவைக்கிற பழக்கம் கிடையாது. அந்த விஷயத்தில் நெல்வினும் அதுவும் ஒரே ரகம் என்பாள் அவன் மனைவி ஃபீபி. ஆனால் அன்று சாயங்காலம், ஆம்பூர் மலையடிவாரப் புதரில், தாழ்ப்பாள் ஒழுங்காகப் போட்டிருந்தது. திறந்தான். உள்ளே, காலையிலிருந்து காணாமல் போயிருந்த அவனுடைய இடது கால் செருப்பு.

காட்டுக்குள் கரடி எப்படி யோசிக்கிறது என்பதுதான் நெல்வினின் ஆராய்ச்சி. டேனரியில் தோலுக்குப் போடும் மீன் எண்ணெயில் வெல்லத்தை ஊறவைத்துப் பெட்டிக்குள் வைப்பான். தாழ்ப்பாளைக் கரடி தூக்கி, திருப்பி, இழுக்கக் கற்றுக்கொள்ளும்வரை குட்டிச்சுவருக்குப் பின்னால் அசையாமல் நின்று பார்ப்பான். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, தன் வீட்டு வாசற்கதவின் உள்தாழ்ப்பாளையே கழற்றிப் பெட்டியில் மாட்டியிருந்தான். வாசற்கதவின் வெளிப்பக்கம் இருப்பது அதன் ஜோடி.

கடைசி ஒரு வாரம் பெட்டியைக் காலியாக வைத்தான். ஏமாந்தால் கரடி என்ன செய்யும் என்று பார்க்க. ஆராய்ச்சியில் இதற்கு நல்ல பெயர் இருக்கிறது. வீட்டில் செய்தால் அடி விழும்.

செருப்போடு வேகமாக வீடு திரும்பினான். மூடிப்போன டேனரியின் பழைய குவார்ட்டர்ஸ் அது. சுவரில் ஊறிய தோல் நாற்றம் மழைக்கால ஈரத்தில் கிளம்பி, சமையல் வாசனையையும் சோப்பு வாசனையையும் விழுங்கிவிடும், பக்கத்தில் எது வந்து நின்றாலும் மூக்குக்குத் தெரியாது. கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தான். தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்தது. வெளியே மூச்சு. ஈரமான, பொறுமையான மூச்சு. பிறகு நகம் இரும்பில் உரசியது.

தள்ளியது. திருப்பியது. விட்டது.

திறக்கவில்லை. பூட்டியது.

நாற்காலியை நகர்த்தி இழுத்துப் பார்த்தான், கதவு அசையவில்லை. ஜன்னல் கம்பிகளும் அசையவில்லை. ஃபீபிக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்துகொண்டிருப்பாள்.

"வராத ஃபீபி. வீட்டாண்ட கரடி."

"போன வாரமும் இதத்தான் சொன்ன. பால் வாங்க மறந்துட்டு."

"நெஜமா. என்ன உள்ள வெச்சுப் பூட்டிச்சு."

"கரடி பூட்டிச்சா. சாவிய எடுத்துனு போய்ட்டுதா? வைப்பா, வந்துட்டேன்."

ஸ்கூட்டர் சத்தம். தெருமுனை. வாசல்.

ஜன்னலுக்கு ஓடினான். "போய்டு ஃபீபி, போய்டு." அவன் குரல் உடைந்ததைக் கேட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவனை நோக்கி. கதவை நோக்கி.

அப்போதுதான் நெல்வினுக்குப் புரிந்தது. இந்தப் பெட்டியில் வெல்லம் அவன்தான்.

"யாரு வெளியே தாழ் போட்டது?"

தூக்கினாள். திருப்பினாள்.

அவளுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரின் நிழலில், அவன் வழக்கமாக நிற்பதுபோலவே, அசையாமல், இரண்டு காலில் நின்று அது பார்த்துக்கொண்டிருந்தது.