இந்த முகவரியில் இருப்பவர்கள்

காலியாக வர வேண்டிய விடையில் ஒரு பெயர் வந்திருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பெயர் அங்கேயேதான் இருந்தது.

மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எந்த ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். இப்போது கையில் இருந்தது ஒரு ஐபி தேடல் கருவி. இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. அதுதான் ஐபி முகவரி. தளத்தின் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்பதுதான் வழக்கம். இந்தக் கருவி தலைகீழ். எண்ணைக் கொடுத்தால், அந்தக் கதவுக்குப் பின்னால் எந்தெந்தத் தளங்கள் குடியிருக்கின்றன என்று சொல்லும். அதைப் பயன்படுத்தப்போவதும் மனிதர்கள் இல்லை, ஏஐ ஏஜென்ட். திருட்டுத் தளங்களை அதுவே தேடும், அதுவே திறந்து பார்க்கும், அதுவே உரிமையாளருக்கு நோட்டீஸும் அனுப்பிவிடும்.

ஒன்றுமே இல்லாத முகவரிக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வேறு எண் தேடச் சோம்பல். இந்த வேலையில் இருப்பவர்கள் பலரும் செய்வதுபோலத் தன் வீட்டு எண்ணையே போட்டுவிட்டாள். வீட்டில் என்ன தளம் இருந்துவிடப்போகிறது? கணவர் வெளியூரில். அடுத்த அறையில் காய்ச்சலோடு தூங்கும் மகள். அவ்வளவுதானே வீடு.

வந்திருந்த பெயர் ‘மினுக்கு’.

மகளை ஊரே கூப்பிடுவது வேறு பெயரில். மினுக்கு என்பது, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் காதுக்குள் அம்மா மட்டும் சொல்வது. கணவருக்குக்கூட அது தெரியாது.

மழை வருமுன் கவியும் அந்தச் சாம்பல் இருட்டு சாயங்காலத்துக்கு முன்பே கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது; கொடியில் உலராத துணிகளின் ஈர வாடையும், மூடாமல் வைத்த இருமல் மருந்தின் தித்திப்பு வாசனையும், ஃப்ரிட்ஜ் ஓடி ஓடி நின்று பெருமூச்சு விடும் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, பழகிய வீட்டை யாருடையதோ போல ஆக்கின. அவள் டீம் லீடரைக் கூப்பிட்டாள். எதற்கும் பறக்கிற மனிதர்.

“சார், பழைய டெஸ்ட் டேட்டா ஏதாச்சும் உள்ள கிடக்குதா?”

“நேத்தே சுத்தமா துடைச்சாச்சும்மா. ஏன், பூதக்கண்ணாடிக்குப் பூதமே சிக்கிடுச்சா?”

“என் வீட்டு நம்பர்ல ஒரு சைட் இருக்குன்னு சொல்லுது சார்.”

“உங்க வைஃபைல எவனாவது தொத்திக்கிட்டிருப்பான். விடுங்க, ஏஜென்ட் பாத்துக்கும். ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேக்கறதைக் காலைலயே எடுத்துவிட்டுட்டேன். ‘செய்யட்டுமா, செய்யட்டுமா’ன்னு புது மாப்பிள்ளை மாதிரி நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.”

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். திரையில் ஏஜென்டின் அறிக்கை வந்தது. எப்போதும்போல மரியாதையாக.

‘தளத்தைத் திறந்தேன். எழுத்தோ படமோ இல்லை. ஒலி மட்டும் நேரலையில் வருகிறது. ஒரு குழந்தை மூச்சு விடுகிறது. மூக்கடைப்பு இருக்கலாம்.’

அவள் இயர்போனை ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டு, மறு காதை அடுத்த அறையின் பக்கம் திருப்பினாள். இரண்டு காதிலும் ஒரே மூச்சு. இழுக்கும்போது ஒரு சின்ன விசில். விடும்போது ஒரு முனகல். துளி வித்தியாசம் இல்லை.

அந்த அறையில் மைக் கிடையாது. போன் கிடையாது. கட்டில், நாற்காலி, தண்ணீர் பாட்டில்.

எழுந்து போய்ப் பார்த்தாள். குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. எப்போதும் கட்டில் முழுக்க உருளுகிற பிள்ளை, இன்று பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. நெற்றியைத் தொட்டாள். நெருப்பாகக் கொதித்தது. காலி இடத்தில் கையை வைத்தாள்.

அங்கேயும் சூடு.

கூடத்தில் மடிக்கணினி ‘டிங்’ என்றது.

‘அதே முகவரியில் இரண்டாவது தளம். பெயர் இல்லை. இதிலும் மூச்சொலி. பெரியவர். முதல் தளம் இவருக்குச் சொந்தமானதாகவே பதிவாகியுள்ளது. இவரே உரிமையாளர்.’

பாவம், அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மோடத்தின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. கைபேசி வழியாக அலுவலகத் திரையைத் திறந்தாள்.

‘இரு தளங்களும் தடையின்றி இயங்குகின்றன. விதிப்படி உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புகிறேன்.’

அந்த நோட்டீஸ் அவளுக்கு மனப்பாடம். பிழை திருத்தியவளே அவள்தான். ‘உங்களுக்குச் சொந்தமானதை எடுத்துக்கொண்டு இந்த முகவரியை உடனே காலி செய்யவும்.’

உங்களுக்குச் சொந்தமானதை.

நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விரல் வழுக்கி வேறு எங்கோ பட்டது. லீடரைக் கூப்பிட்டாள்.

“நிறுத்துங்க சார்! உங்க பக்கத்திலேர்ந்து நிறுத்துங்க!”

“இருங்க, இருங்க… நிறுத்திட்டேன். ஆனா அது ஏற்கெனவே போயிடுச்சேம்மா. ஏன் அழறீங்க? வெறும் நோட்டீஸ்தானே?”

அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. ஒரு முறை. இலேசாக.

பிறகு இன்னொரு முறை. கனமாக.

கைபேசி கீழே விழுந்தது. விழுந்த இடத்திலேயே ஒளிர்ந்தது. ‘பதில் வந்துள்ளது. உரிமையாளர் முழுமையாக ஒத்துழைக்கிறார்.’

குழந்தை அறை வாசலுக்கு வந்து நின்றது. அரைத்தூக்கம். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தது, உயரமான ஒருவரோடு சாலையைக் கடக்கிற பிள்ளை மாதிரி. விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கி வெளுத்திருந்தன.

“மினுக்கு… அம்மாகிட்ட வாடா கண்ணு.”

“நான் போகணுமாம்மா?” உதடு பிதுங்கியது. “நீதான் கூட்டிட்டுப் போகச் சொன்னியாம்.”

பாய்ந்து இடுப்போடு கட்டிக்கொண்டாள். குழந்தை நின்றது. அதன் கையைப் பிடித்திருந்த அதுவும் நின்றது. பிறகு அது நடந்தது. பிடுங்கவில்லை. முரட்டுத்தனம் இல்லை. அவசரமே இல்லை. அவள் குதிகாலை ஊன்றினாள். குதிகால் தரையில் வழுக்கியது. நாற்காலியைப் பிடித்தாள். நாற்காலியும் கூடவே வந்தது.

“விடு… என் பிள்ளைய விடு…”

கத்துவதாக நினைத்தாள். சத்தம் வரவில்லை.

வாசல் கதவின் மேல்தாழ்ப்பாள் தானாக இறங்கியது. கதவு திறந்தது. ஈரக் காற்று. அவள் கை இடுப்பிலிருந்து முழங்காலுக்கு நழுவியது. முழங்காலிலிருந்து பாதத்துக்கு.

அந்தப் பாதங்கள் தரையைவிட்டு மெல்ல எழும்பின, வாசற்படி தடுக்கிவிடக் கூடாதே என்று யாரோ அக்கறையாகத் தூக்கிவிடுவதுபோல.