சிவப்புத் தண்டு, பச்சை இலை

பொலிஸ் பரிசோதகர் முனீப்புக்குக் கீரையில்லாமல் சோறு இறங்காது. காலையில் புறப்படுமுன், மதியத்துக்கு எந்தக் கீரை என்பதை மனைவி பஸ்மியாவிடம் உறுதிசெய்துகொள்வார்.

அன்று அதற்கு அவகாசமில்லை.

தொலைபேசி அலறியது!

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. உரிமையாளர் சோமசேகரம் குசினியில், அடுப்படியருகே, சுருண்டு விழுந்தாராம்... ஓயாத வாந்தி! முனீப் போய்ச் சேருமுன் அம்புலன்ஸ் அவரை ஏற்றிச் சென்றுவிட்டது.

“இவதான் சேர்! சமையற்காரி லைலா! நேற்று ருபார்ப் ஜாம் காய்ச்சினவ!” சோமசேகரத்தின் அக்காள் மகன் சஜீத் கத்தினான்.

ருபார்ப்... புளிப்பான சிவப்புத் தண்டு. விடுதியில் தங்கிய வெள்ளைக்காரி நுவரெலியாவிலிருந்து கட்டாகக் கொண்டுவந்தது.

“அந்த ஜாமை நீங்களும் திண்டனீங்கள்தானே, தம்பி?” என்றாள் லைலா.

“ஓம்...”

“பிறகென்ன, உயிரோட நிண்டு கத்துறீங்கள்?”

முனீப் வைத்தியசாலைக்கு அழைத்தார்.

“தண்டால பிரச்சினையில்லை, முனீப். இலைதான் நஞ்சு. அவிச்சாலும் போகாது. மனுசனுக்கு ஏற்கெனவே சிறுநீரகத்தில கல்லு வேற!” என்றார் டாக்டர்.

“இலை எங்க, லைலா?”

“வெட்டிக் குப்பை வாளியில போட்டனான், சேர். திண்டா ஆபத்தெண்டு அந்த மிஸ் சொன்னவ.”

“பாத்தீங்களோ! இவவுக்குத் தெரிஞ்சிருக்கு!” சஜீத் துள்ளினான்.

வாளியில் ஓர் இலைகூட இல்லை!

லைலாவின் முகம் வெளிறியது. “அல்லாஹ்வே... என்னைப் பிடிச்சுக்கொண்டு போனா என்ர பிள்ளையள் என்ன செய்யுங்கள், சேர்?”

முனீப் அடுப்படியைத் துழாவினார். ஒரு சட்டி... அடியில் பச்சை, அதன்மேல் தேங்காய்ப்பூ... கீரை வறை!

“இதை ஆர் வறுத்தது?”

“நானில்லை, சேர்!”

“நானுமில்லை!”

“அப்ப சட்டி தானா அடுப்பில ஏறிச்சுதோ?” முனீப்புக்கு எரிச்சல் தலைக்கேறியது.

குனிந்து பார்த்தார். வெங்காயம் விரல் தடிப்பில் கிடந்தது. கீரைச் சட்டிகளைப் பார்த்துப் பழகிய கண் அது!

“இது சமையற்காரி வெட்டின வெங்காயமில்லையே...”

தொலைபேசி மீண்டும் அலறியது. மறுமுனையில், டாக்டரின் தொலைபேசியிலிருந்து, சோமசேகரம்!

“லைலாவை விடுங்கோ... நான்தான். பச்சைப்பசேலெண்ட கீரையைக் குப்பையில போட்டிட்டாவே எண்டு மனம் கேக்கேல்லை. எடுத்துக் கழுவி, வறுத்து...”

“நஞ்செண்டு அவ சொல்லேல்லையோ, ஐயா?”

“சொன்னவ... இவவுக்கு என்ன தெரியுமெண்டு நான்தான் கேக்கேல்லை.”

“குற்றவாளியும் நீங்கள், பாதிக்கப்பட்டவரும் நீங்கள்! விலங்கை நான் ஆருடைய கையில மாட்டுறது?”



லைலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சஜீத் மெல்ல நழுவினான்.

முனீப் வெளியே வந்தபோது பஸ்மியா அழைத்தாள்.

“சொல்லாமப் போயிட்டீங்களே! இண்டைக்கு என்ன கீரை?”

முனீப் சட்டியிருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னர் அமைதியாகச் சொன்னார்.

“இண்டைக்குப் பருப்பு மட்டும் காணும், பஸ்மியா.”