இருநூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

காலை 10:44. கிடங்கின் ஏழாம் சந்தில், தானியங்கி வண்டிக்கும் இரும்புத் தூணுக்கும் இடையே நசுங்கிய நிலையில் மேற்பார்வையாளரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. இரண்டு டன் சுமையுடன் வந்த அவ்வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. மூன்று மீட்டருக்குள் மனிதரைக் கண்டால் அது தானாகவே நிற்க வேண்டும். ஆனால் அதன் கண்ணாகிய உணர்கருவியின்மீது ஒரு மேற்சட்டை கிடந்தது.

11:35. ஆய்வாளர் வந்தபோது, சட்டைக்கு உரியவளும் வண்டியில் சரக்கேற்றுபவளுமான ‘வண்டியக்கா’வின் இருபுறமும் காவலர்கள் நின்றிருந்தனர்.

“நேத்து அவரோட சண்டையாமே?” என்றார் ஆய்வாளர்.

“லீவு கேட்டேன், தரல. அதுக்காக ஆளையே கொல்லுவேனா மேடம்? வேர்த்துச்சுன்னு சட்டையைக் கழட்டி வண்டிக் கைப்பிடியில மாட்டினேன். கண்ணு மேல போடல. வீட்ல ரெண்டு பிள்ளைங்க மேடம்... என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா அதுங்களுக்கு யாரு?”

ஆய்வாளர் வண்டியின் பக்கம் திரும்பினார். வண்டியை இயக்கும் கணினி நிரலை எழுதியவர் முதலாளியின் மருமகன். கிடங்கு முழுவதும் அவரை ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்தது. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்: 10:41:07, எவரும் இல்லை.

“கண்ணைக் கட்டிவிட்டா வண்டி என்ன பண்ணும் மேடம்? குருடாத்தான் வரும்.”

“இந்தப் பதிவை எப்ப எடுத்தீங்க?”

“பத்து அம்பத்தெட்டு. மூடியைத் திறந்து எடுத்தேன்.”

“சாவி?”

“என்கிட்ட மட்டும்தான். வேற யாராவது கை வச்சா மாமா என் தோலை உரிச்சிடுவாரு.”

அருகில் நின்ற முதலாளி பெருமிதத்தோடு குறுக்கிட்டார். “மாப்பிள்ளை வேலையில ஒரு புள்ளி பிசகாது. முந்தாநாள்தான் வண்டியை இன்னும் வேகமா யோசிக்க வச்சாரு.”

“அப்புறம் சோதிச்சீங்களா?”

“சோதிக்காமலா?” என்றார் மாப்பிள்ளை. “ஆள் உயரப் பொம்மையைத் தரையில இருக்கிற மஞ்சக்கோட்டுல நிறுத்தி, காலி வண்டியை விட்டோம். டக்குன்னு நின்னுச்சு.”

“கோடு எவ்வளவு தூரம்?”

“வண்டி கிளம்புற இடத்துலேர்ந்து ரெண்டு மீட்டர். கோடு போட்ட நாள்லேர்ந்து பொம்மைக்கு அதுதான் இடம்.”

ஆய்வாளர் வண்டியின் மூடியைத் திறக்கச் செய்தார். உள்ளே செருகியிருந்த குறிப்புத்தாளில் ஒரு வரி: இந்தக் கணினிச் சில்லு கொள்ளும் மிகப்பெரிய எண் 65,504. பிறகு முழுப்பதிவையும் இப்போது வண்டியிலுள்ள நிரலையும் வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து பென்சிலால் பெருக்கத் தொடங்கினார்.

12:20.

“பதிவோட கடைசிப் பக்கத்தை யாரும் பார்க்கலையா? பத்து நாப்பத்தொண்ணு ஏழாவது செகண்டுல, ஆள் வண்டிக்குக் குறுக்கே 190 சென்டிமீட்டர், முன்னால 180. கண்ணு மூடியிருந்தா இந்த எண்ணே வந்திருக்காது. மாப்பிள்ளை, இதே ரெண்டு எண்ணை இப்ப வண்டிக்குக் கொடுங்க.”

மாப்பிள்ளையின் விரல்கள் தயங்கின, பின்னர் அழுத்தின. திரையில் 262 எனத் தோன்றியது.

“கணக்கு சரியாத்தானே வருது?” என்றார் முதலாளி.

“அதான் தப்பு. காலைல இதே எண்ணுக்கு ‘எவரும் இல்லை’ன்னு சொன்ன வண்டி, நடுவுல எந்தப் பள்ளிக்கூடம் போச்சு?”

ஆய்வாளர் தம் தாளைப் பிரித்தார்.

“வண்டிக்கும் ஆளுக்கும் நடுவுல உள்ள நேர்த்தூரத்துக்கு ரெண்டு எண்ணையும் தனித்தனியா வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். கூட்டினா 68,500. சில்லுல அது அடங்காது, ‘முடிவிலி’ன்னு எழுதிடும். முடிவிலி தூரத்துல ஆள் இருந்தா, எவரும் இல்லைன்னுதானே அர்த்தம்? பழைய நிரல் இதுக்கு இடமே கொடுக்கல. சின்ன எண்ணைப் பெரிய எண்ணால முதல்ல வகுத்துடும், கடைசியில திருப்பிப் பெருக்கும். வகுக்க நேரமாகுதுன்னு முந்தாநாள் அதைத் தூக்கிட்டீங்க. ரெண்டு மீட்டர்ல வர்க்கம் நாப்பதாயிரம்தான். அதனால பொம்மை பிழைச்சுது. இன்னைக்கு மனுஷன் கிட்ட வந்த பிறகுதான் வண்டி கண்ணு முழிச்சுது. ரெண்டு டன் சுமை, நிக்க இடமில்லை. பத்து அம்பத்தெட்டுக்குப் பதிவை மட்டும் எடுக்கல நீங்க. பழைய நிரலையும் திரும்ப ஏத்துனீங்க. சட்டை தானா சரிஞ்சுதா, நீங்க இழுத்துவிட்டீங்களா?”

“மாமா... வேகம் வேணும்னு நீங்கதானே...” என்றார் மாப்பிள்ளை.

முதலாளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையிலிருந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் சட்டையை உறையிலிட்டு முத்திரை வைத்தார். வண்டியக்கா அதையே பார்த்தபடி எழுந்து நின்றாள்.

“இது கோர்ட்டுக்குப் போகணும்மா,” என்றார் ஆய்வாளர். “நீங்க வீட்டுக்குப் போங்க.”