கல்லறையிலிருந்து வந்த பச்சை

நேற்று பிடுங்கிய இடத்தில் இன்று காலையிலும் பச்சை நின்றது. சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்த்த டோம்கே, தேநீர்க் கெண்டியை நங்கென்று வைத்தாள். முட்டி தேய மண்டியிட்டு, வேரோடும் மண்ணோடும் பிடுங்கியது!

எல்லாம் அவள் கணவன் ஓன்னோவால் வந்த வினை. கல்லறை இடத்தின் குத்தகைக் கெடு முடிந்தது, காலி செய்யுங்கள் என்று தேவாலயத்தில் சொன்னதும், அவன் தன் அப்பாவின் கல்லை அப்புறப்படுத்தக் கொடுத்துவிட்டு, மேலே படர்ந்திருந்த செடியை மட்டும் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தான். அரிசி அளவில் தடித்த இலைகள், மஞ்சள் பூக்கள். பனியிலும் சாகாது, மிதித்தாலும் சாகாது.

"நல்ல செடியப் போய்க் குப்பையில போடச் சொல்றியா?" என்று முற்றத்துக் கற்களுக்கு நடுவே நட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஓர் இலை உதிர்ந்தால் போதும், அதுவும் வேர்விடும். சுரண்டினாள், கொதிநீர் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. ஓரங்கள் கத்தரித்தாற்போல் நேராக, ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு.

ஓன்னோ செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் உட்காரப் பழகினான். பிறகு படுக்கவும்.

"உள்ள வா ஓன்னோ. ஒரே ஈரம்."

"மெத்துமெத்துன்னு இருக்கு. எங்கப்பா இத்தன வருஷம் இதுக்கடியில கெடந்தாரு, ஒரு குறை சொன்னாரா?"

"அவரு செத்துட்டாரு, மடையா!"

அவன் சிரித்தான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு அடியில், இந்த மனிதனை அந்தச் செடியிடம் விட்டுவிடுவோமோ என்ற பயம்.

அன்று மாலை கோடை வெளிச்சம் மங்காமல் நீண்டுகொண்டே போக, கடல் காற்று நின்று, நசுங்கிய இலைகளின் காரவாடை ஜன்னல் வழியே ஏறி வந்து தேநீரின் மணத்தையும் மூழ்கடித்தது. சூடான தேநீரை ஊற்றியதும் கோப்பையில் கிடந்த கற்கண்டு படபடவென்று விரிசல்விட்டது. அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தாலும் ஓடிவருகிற ஓன்னோ வரவில்லை.

வெளியே போனாள்.

படுத்திருந்தான். கழுத்துவரை பச்சை. கண்கள் திறந்திருந்தன.

"எழுந்திரு."

"முடியல, டோம்கே. இழு."

கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. தடித்து, உள்ளே நீர் தளும்பியது. கோடை முழுக்கப் பிடுங்கித் தோற்ற வெறியையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

டப்.

சுட்டுவிரல் ஒடிந்து அவள் கையோடு வந்தது. ரத்தமில்லை. தெளிந்த நீர், ஒரு சொட்டு.

"வலிக்கல" என்றான் ஓன்னோ.

உதறினாள். விழவில்லை. மறுபடியும் உதறினாள்.

ஒடிந்த முனையிலிருந்து, நூல் நூலாக, வெள்ளை வேர்கள் அவள் உள்ளங்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.